சலவை நீலத்தில் எழுதிய எண்கள்

லெ பெல்வெர் குடியிருப்பு, நான்காம் கோபுரம், 14ஆம் மாடி
22 மார்ச் 1976

அண்ணன் அன்செல்முக்கு,

உன் இடுப்புவலி தேவலையா? நீ சொல்ல மாட்டாய், நானும் கேட்காமல் இருக்க மாட்டேன். இங்கே என் நெஞ்சு பழைய சுவர்க்கடிகாரம் மாதிரி ஓடுகிறது, நடுநடுவே ஒரு மணியை விழுங்கிவிடுகிறது. ஜூன் பதினான்கில் அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை மூன்று விஷயம் ஆகாது என்றார் டாக்டர். சண்டை, துக்கச் செய்தி, மாடிப்படி. சண்டைக்கு எனக்கு ஆள் இல்லை. துக்கச் செய்தி யாரும் சொல்லவில்லை. மாடிப்படியைத்தான் தவிர்க்க முடியவில்லை. லிஃப்ட் நின்று மூன்று வாரமாகிறது.

மார்ச் பதினான்கு என் பிறந்தநாள். க்ளெமானிடமிருந்து அட்டை வரவில்லை. எந்த ஊரில் கல் உடைத்துக்கொண்டிருந்தாலும் அட்டையை மறக்காதவன் அவன். அம்மா போனபோது அவனுக்கு நான்கு வயது, எனக்குப் பதினேழு. தம்பி என்றுதான் ஊருக்குச் சொல்கிறேன், நான் வளர்த்த பிள்ளை அவன். உன்னிடம்தானே வேலை செய்கிறான்? காதைத் திருகி எழுதச் சொல்.

லா ஃபெராந்தியேர் மாளிகையின் இரட்டைப் படிக்கட்டைப் பெயர்த்தாகிவிட்டதா? போன மாதம் முழுக்க அதைப் பற்றியே எழுதினாய். இப்போது சத்தமே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை இவோன்


லோஷ், 2 ஏப்ரல் 1976

தங்கை இவோனுக்கு,

இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. கூடவே ஒரு சளி. கறுப்புக் கோட்டு மழை தாங்கவில்லை, நனைந்துவிட்டேன். நீ மூன்று மாடி ஏறினால் ஒரு மாடி உட்கார். ரொட்டியை அந்தப் பக்கத்து வீட்டுப் போர்ச்சுகல்காரி தெரேசாவிடம் சொல்லி வாங்கு. கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? நான் கைவண்டியில் உடைந்த ஓடு பொறுக்கி விற்றபோது வெட்கப்பட்டிருந்தால் இன்றைக்குப் பழைய மாளிகைகளைப் பிரித்து விற்கிற இந்தக் கல்கிடங்கு ஏது?

படிக்கட்டைக் கேட்டாய். ஷாம்போர் அரண்மனையில் இருக்கிறதே, அதைப் பார்த்து எவனோ ஒரு பிரபு சின்னதாகக் கட்டிக்கொண்டது. ஒரே தூணைச் சுற்றி இரண்டு படிவரிசை, வரிசைக்கு நாற்பத்தாறு படி. ஒன்றில் ஏறுகிறவன் மற்றதில் இறங்குகிறவனைப் பார்க்கவே முடியாது. காலடி மட்டும் கேட்கும். நீஸ் நகரத்து ஓட்டல்காரர் ஒரு வரிசை போதும் என்றார். அவருக்கு அனுப்பியாகிவிட்டது. மற்ற வரிசை உருப்படியாக வரவில்லை.

க்ளெமான் பிரெத்தாஞுக்குப் போயிருக்கிறான். கடலோரத்தில் ஒரு தேவாலயத்து வேலை. தபால் சரியாகக் கிடைக்காத இடம். அவன் நாயை என்னிடம் விட்டிருக்கிறான். அது சரியாகச் சாப்பிடுவதில்லை.

நீ அதைப் பற்றியெல்லாம் யோசிக்காதே. ஜூன் பதினான்கை மட்டும் யோசி.

அன்செல்ம்


லெ பெல்வெர், 20 ஏப்ரல் 1976

அண்ணனுக்கு,

சளி விட்டதா? தேன் போட்டுப் பால் குடி. கறுப்புக் கோட்டை ஏன் எடுத்தாய்? அது சாவுக்குப் போடுகிற கோட்டு அல்லவா? யார் போனது? சொல்ல மறந்துவிட்டாய்.

ஈஸ்டர் வந்து போய்விட்டது. லிஃப்ட் வரவில்லை. எங்கள் கோபுரத்திலும் உன் மாளிகை மாதிரியே இரட்டைப் படிக்கட்டுதான், தெரியுமா? திறப்புவிழாவில் அந்த இளம் கட்டடக் கலைஞர் ‘ஷாம்போர், ஷாம்போர்’ என்று பேசினார். நெருப்புக்குப் பயந்து சட்டம் இரண்டு படிக்கட்டு கேட்டது, இடம் ஒன்றுக்குத்தான் இருந்தது, அவ்வளவுதான். ஒரே குழாய்க்குள் இரண்டையும் பின்னிவிட்டார். முதல் படிக்கட்டின் கதவு என் வீட்டுப் பக்கம், இரண்டாவதின் கதவு நடைவழியின் அந்தக் கோடியில். நடுவில் ஒரு சாண் சிமெண்டுச் சுவர்.

இரண்டு வாரமாக நான் இறங்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் நடக்கிறார். ஒரு கால் ஊன்றி, மறு காலை இழுத்து. ஊன்று, இழு. ஊன்று, இழு. அந்த நடையை எனக்குத் தெரியாதா? சாரத்திலிருந்து விழுந்து கால் குட்டையான பிறகு க்ளெமானை நடக்கப் பழக்கியதே நான்தான். கதவைத் திறந்து பார்த்தேன். படிக்கட்டு விளக்குதான் பொத்தானை அழுத்தினால் இரண்டே நிமிடம் எரியுமே, அது சரியாக அப்போது அணைந்தது.

தெரேசாவும் கேட்டிருக்கிறாள். “ஒங்க தம்பியா இவோனம்மா? இவ்வளவு தூரம் ஏறி வர்றாரு, ஒரு வாய் காப்பி குடிக்காம போறாரே, அப்படி என்ன கோவம்?” என்கிறாள்.

அந்தப் பக்கத்துப் படிகளில் நீலத்தில் எண் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒன்று, கீழிருந்து மேலாக. மூன்றாம் மாடி வரை வந்து எழுபத்தொன்பதில் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால் முதல் படியில் ஒன்று இல்லை, முப்பத்திரண்டு. யாராவது முப்பத்திரண்டிலிருந்து எண்ண ஆரம்பிப்பார்களா?

நீ பிரெத்தாஞ் என்கிறாய். அவன் இங்கே வேலை எடுத்திருக்கிறான், எனக்குச் சொல்லாதே என்று உன்னிடம் சொல்லியிருக்கிறான். என் மேல் என்ன வருத்தம் என்று கேட்டு எழுது.

இவோன்


லோஷ், 24 ஏப்ரல் 1976 (விரைவுத் தபால்)

இவோன்,

நலம் விசாரிக்க நேரமில்லை. அது க்ளெமான் இல்லை. நிர்வாகம் பெயிண்டர் அனுப்பியிருக்கும், அல்லது தீயணைப்புக்காரர்கள் கணக்கெடுத்திருப்பார்கள். நொண்டுகிறவன் உலகத்தில் ஒருவன்தானா?

ஆனாலும் மூன்று விஷயம் பார்த்து எழுது. ஏழு எப்படி இருக்கிறது, ஒரு கோடு குறுக்கே போகிறதா, இரண்டா? எண் படியின் எந்த ஓரத்தில் இருக்கிறது? எண்ணெய்ப் பெயிண்டா, விரலில் ஒட்டுகிறதா?

எட்டிப் பார். அந்தப் படிக்கட்டில் கால் வைக்காதே.

அன்செல்ம்


லெ பெல்வெர், 9 மே 1976

அண்ணனுக்கு,

உன் கடிதத்தில் என் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஏழைப் பற்றி மூன்று வரி. பரவாயில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கணுக்கால்தான் வீங்குகிறது.

ஏழுக்குக் குறுக்கே இரண்டு கோடு. எண்கள் இடது ஓரத்தில், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சின்னப் புள்ளி. ஆறைத் தலைகீழாகத் தூக்கி ஒன்பது என்று வைத்துவிடக்கூடாது என்பதற்காக அவன் வைக்கிற புள்ளி. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், வந்துவிட்டது. துணிக்குப் போடும் சலவை நீலம். உங்கள் ஊர் வெள்ளைக்கல் எண்ணெயைக் குடித்துவிடும், சலவை நீலம் ஒரு மழையில் போய்விடும் என்று கண்டுபிடித்ததே அவன்தானே. இன்னுமா பெயிண்டர் என்கிறாய்?

காவலாளி பிரூவோவிடம் கேட்டேன். “பெயிண்டரா? லிஃப்ட்ட ரிப்பேர் பண்ணவே ஒருத்தனும் வரல மதாம். நான் பொறந்ததுலேருந்து மனு போடறேன். இவங்களா ஆள் அனுப்பிப் படிய எண்ணுவாங்க?” என்றான். யாரையும் உள்ளே விடவில்லையாம்.

எண் இப்போது ஒன்பதாம் மாடியில். நூற்று எழுபத்தைந்து.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு சூப்பை ஒன்பதாம் மாடிக் கதவுக்கு உள்ளே வைத்துவிட்டு வந்தேன். கோபமாக இருந்தாலும் என் சூப்பை வேண்டாம் என்று சொன்னதில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் தொடவேயில்லை. மேலே ஆடை கட்டியது போல் வெள்ளையாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், கல்தூள். அண்ணா, இந்தக் கோபுரம் முழுக்க சிமெண்டு. வெள்ளைக்கல் தூள் எங்கிருந்து வந்தது?

பதில் போடு.

இவோன்


லெ பெல்வெர், 28 மே 1976

அண்ணனுக்கு,

பத்தொன்பது நாளாகிறது. உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. உடம்பு சரியில்லையா? கடையில் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல்.

பதின்மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டது. இருநூற்று முப்பத்தொன்பது. மாடிக்குப் பதினாறு படி, இன்னும் பதினாறுதான் மிச்சம். இப்போது வீட்டுக்குள் இருந்தாலே நடை கேட்கிறது. தூரிகையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டுவான் பார், அதுகூடக் கேட்கிறது. எனக்குப் பயமில்லை. அவனிடம் எனக்கென்ன பயம்? ஆனால் நேற்றிலிருந்து ஒன்று மனத்தில் ஓடுகிறது.

நீ புதிதாகத் தொழில் ஆரம்பித்தபோது எனக்குச் சொன்னாய்: வேறிடத்தில் அதே வரிசையில் அடுக்குவதற்காக எண் போடுவது கீழிருந்து, பிரிப்பது மேலிருந்து, கடைசி எண் விழுந்த படியைத்தான் முதலில் உருவ வேண்டும் என்று. அந்தக் கடைசிப் படி என் மாடியில் இருக்கிறது.

என்ன பிரிக்கப் போகிறான் அவன்?

இவோன்


லோஷ், 31 மே 1976

இவோன்,

இதை உட்கார்ந்து படி. தெரேசாவைப் பக்கத்தில் வைத்துக்கொள். மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டு படி.

க்ளெமான் பிரெத்தாஞில் இல்லை. உன் கோபுரத்திலும் இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான். மார்ச் பதினொன்று, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால். கறுப்புக் கோட்டு அவனுக்காகப் போட்டதுதான். உனக்குச் சொல்லக்கூடாது என்று பாதிரியார் முதல் தபால்காரர் வரை கேட்டுக்கொண்டேன். டாக்டர் சொன்னதற்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

மீதியையும் சொல்கிறேன். இரட்டைப் படிக்கட்டைப் பிரிக்க ஒரு முறைதான் உண்டு. இந்த வரிசையில் ஒன்று எடுத்தால் அந்த வரிசையில் ஒன்று எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே தூணைக் கவ்விக்கொண்டு, ஒன்றின் பாரத்தை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறவை. ஓட்டல்காரருக்கு ஒன்றுதான் வேண்டும், ஈஸ்டருக்குள் வேண்டும். அதை மட்டும் உருவச் சொன்னேன்.

கொத்தனார் பார்த்தெலெமி தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “மொதலாளி, இது தராசு மாதிரி. ஒரு தட்டுல இருக்கறத மட்டும் எடுத்தா, இன்னொரு தட்டு என்னாகும்?”

“தராசு புடிச்சுப் பொழைக்கறவன் நான். எனக்கா தராசு சொல்லித் தர்றீரு?” என்றேன். வேலையாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

க்ளெமான் மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணே, ரெண்டு நாளு குடு. மரத்த வெச்சு முட்டுக் குடுத்துடறேன்” என்றான். நாள் இல்லை என்றேன். “சரி, நீ சொன்னா சரி” என்று நீலக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மற்ற வரிசைக்கு எண் போடப் போனான். இந்தப் பக்கம் பன்னிரண்டாவது கல்லை உருவியதும் அந்தப் பக்கம் மொத்தமும் இறங்கியது. இடி மாதிரிகூட இல்லை. யாரோ பெருமூச்சு விட்டது மாதிரி.

கற்களை எடுத்தபோது எண்களைப் பார்த்தேன். முப்பத்தொன்று வரை எழுதியிருந்தான்.

போலீஸிடம் அவனே யாரையும் கேட்காமல் கல்லை உருவச் சொன்னான் என்றேன். கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். பார்த்தெலெமி ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

துக்கச் செய்தி உன்னைக் கொன்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கடைசி எண் விழுந்தால் என்ன ஆகும் என்று எந்த டாக்டரிடம் கேட்பேன்? இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இந்த முறையாவது என் நிறுவை சரியாக இருக்க வேண்டும்.

அவன் உன்னிடம் வந்திருந்தால், அது நான் உனக்குச் சொல்லாததால்தான்.

அன்செல்ம்


லோஷ், 10 ஜூன் 1976

இவோன்,

ஒரு வரி போடு. திட்டி எழுது. வெறும் காகிதத்தை மடித்து அனுப்பினாலும் போதும். காவலாளி பிரூவோவுக்குத் தந்தி அடித்தேன், அவனும் பதில் தரவில்லை. நாய் மட்டும் இரண்டு வேளை சாப்பிட ஆரம்பித்திருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

அன்செல்ம்


மருத்துவமனை, மூன்றாம் கூடம்
21 ஜூன் 1976

அன்செல்ம்,

உயிரோடு இருக்கிறேன். பதினான்காம் தேதி நெஞ்சைத் திறந்து மூடிவிட்டார்கள். பிரூவோ உன் தந்தியை நேற்றுத்தான் கொண்டு வந்து கொடுத்தான். பதில் போடாததற்கு அது காரணமில்லை. போட மனம் வரவில்லை.

உன் கடிதம் ஜூன் இரண்டாம் தேதி வந்தது. உட்கார்ந்து படி என்று எழுதியிருந்தாய், நான் கீழே தபால்பெட்டிக்கு முன்னால் நின்றே படித்துவிட்டேன். படித்து முடித்ததும் பதினான்கு மாடி ஏற வேண்டியிருந்தது. நான் முதல் படியில் கால் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவனும் வைத்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து ஏறினோம். நான் நின்றால் நின்றான். விளக்கு அணைந்தால், நான் தடவிப் பொத்தானை அழுத்தும் வரை காத்திருந்தான். ஐந்தாம் மாடியில் எனக்கு மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவனும் அசையவில்லை. கால் குட்டையான பிறகு அவனை நடக்கப் பழக்கியபோது நான் இப்படித்தான் ஒவ்வொரு படியாகக் காத்திருந்தேன்.

பதினான்காம் மாடிக்குக் கீழே சுவரில் வாயை வைத்துச் சொன்னேன்: “க்ளெமான், அண்ணன் சொல்லிட்டான்டா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இத எனக்குச் சொல்லவா இவ்வளவு படி ஏறின? போதும். என் படியப் பிரிக்காதே.”

அப்புறம் நடை கீழே இறங்க ஆரம்பித்தது. ஊன்று, இழு. பதினான்கு மாடியும் இறங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தேன். இருநூற்று ஐம்பத்து நான்கு வரை எழுதியிருந்தான். கடைசிப் படி வெறுமையாக இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சொட்டு நீலம், இன்னும் காயாமல்.

“அவ்வளவு மாடியையும் ஒரே மூச்சுல ஏறியிருந்தீங்கன்னா இங்க வந்திருக்க மாட்டீங்க. யாரும்மா ஒங்கள உக்கார வெச்சு உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தது?” என்று டாக்டர் கேட்டார். தம்பி என்றேன்.

என் வளர்ப்புப் பிள்ளையை நான் பார்க்காமலே மண்ணில் போட்டாய். அதை நான் எப்போது மன்னிப்பேன், மன்னிப்பேனா, எனக்கே தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். எனக்குச் சொன்னாய். போலீஸ் காகிதத்தில் அவன் இன்னும் கவனமில்லாதவன்தானே? ஆறைத் தலைகீழாக வைத்துவிடக்கூடாது என்று புள்ளி வைத்தவனா கவனமில்லாதவன்?

அவன் இறங்கிப் போனான் என்றுதான் சொன்னேன். வேலை முடிந்தது என்று சொல்லவில்லை.

இவோன்


லோஷ், 8 ஜூலை 1976

தங்கை இவோனுக்கு,

தையல் ஆறிவிட்டதா? இந்த வெயிலில் காயம் வேர்க்கக்கூடாது, ஜன்னலைத் திறந்து வை. இங்கே ஆறு வாரமாக மழையில்லை. கிணறு வற்றிவிட்டது. கிடங்கில் கல் தொட்டால் சுடுகிறது.

உன் கடிதம் வந்த அன்றே போலீஸுக்குப் போயிருக்கலாம். சரக்கு வருகிறது, சந்தை இருக்கிறது என்று ஒரு வாரம் தள்ளினேன். அப்புறம் இன்னொரு வாரம். வியாபாரிக்குத் தள்ளிப்போடக் காரணமா கிடைக்காது?

போன வெள்ளிக்கிழமை காலையில் நாய் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து மேலே பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டு மரப்படி உனக்குத் தெரியும், பதினேழு. முதல் படியின் இடது ஓரத்தில் நீலமாக இருநூற்று ஐம்பத்தைந்து, அடியில் ஒரு புள்ளி. ஈரத் துணியால் துடைத்தேன், போய்விட்டது. மத்தியானம் மறுபடி இருந்தது. இந்த வெயிலில் முகம் கழுவத் தண்ணீர் இல்லாத ஊரில், அது ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகு துடைக்கவில்லை. இன்றைக்கு இருநூற்று எழுபதில் நிற்கிறது. ஒரு படி மிச்சம். நான் படுப்பது மாடியில்.

நேற்று பார்த்தெலெமி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா மொதலாளி?” என்றார். தராசு என்று அன்று சொன்னாரே, அதை அப்படியே போலீஸில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, “காலையில ஏழு மணிக்கு வாசல்ல நிக்கறேன்” என்றார். அவன் பெயரை அந்தக் காகிதத்திலிருந்து எடுத்து என் பெயரைப் போடச் சொல்லப் போகிறோம். கடையை என்ன செய்வார்கள், என்னை என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் இனி யோசித்துப் பயனில்லை.

இப்போது காலை ஆறே முக்கால். இதை மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே பார்த்தெலெமியின் சைக்கிள் மணி கேட்டுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் தூரிகையைக் கிண்ணத்தில் தட்டுகிற சத்தமும் கேட்கிறது. நாய் வாலாட்டுவது தரையில் தட்டுத்தட்டென்று கேட்கிறது.

நான் இறங்கித்தான் ஆக வேண்டும், இவோன். மாளிகையிலும் உன் கோபுரத்திலும் படிக்கட்டு இரண்டு. ஏறுகிறவனும் இறங்குகிறவனும் முகம் பார்க்காமல் போய்விடலாம்.

என் வீட்டில் ஒன்றுதான்.

உன் அண்ணன்
அன்செல்ம்